அம்மா வெட்டிய வரிகள்

மகனே,

யாவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போனது. எழுதிவிட்டுப் பார்த்தேன், அழித்துவிட்டேன். இங்கே நலமில்லை. அம்மாவை இனி என்னால் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியாது. நீ வர வேண்டும். இதைக் கடிதத்தின் தலையிலேயே வைக்கிறேன். கடைசியில் எழுதலாம் என்று விட்டால் எழுதாமலே உறையை ஒட்டிவிடுவேன் என்பது என்னைப் பற்றி எனக்குத் தெரியும். இனி மற்றதை நீ ஆறுதலாக வாசிக்கலாம். வாசிக்காமல் உடனே புறப்பட்டு வந்தாலும் நல்லது. ஆனால் அப்படிச் சொல்லவும் துணிவில்லை. உனக்கு வேலை இருக்கும்.

சித்திரை வருடப் பிறப்பன்று நாங்கள் தேற்றாத்தீவில் உன் மனைவி வீட்டுக்கு வந்திருந்தபோது நீ ஒன்று கேட்டாய். வங்கியில் புதுப் பதவி கிடைத்த பிறகு எந்த வேலையும் முடிந்ததாகவே தெரியவில்லை, தொலைபேசியில் விதம் விதமாகச் செயலி போட்டும் எல்லாம் சிதறுகிறது என்றாய். "அப்பா, நீங்க துண்டு எழுதுற முறைய எனக்கும் ஒருக்கா எழுதித் தாங்களன்" என்றாய். உன் மனைவியும் மாமியும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் சிரிக்காமல் பலகாரத் தட்டைப் பார்த்தபடி இருந்தாள். நீ அதைக் கவனித்திருக்க மாட்டாய். நான்தான் அவளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அவளிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் முந்தி முந்திப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேனே. நீ கேட்டதை இப்போது எழுதுகிறேன். அந்த முறையின் வழியாகத்தான் நான் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். உன்னிடம் வர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

முறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் அம்மா விளக்கு வைத்துவிட்டு, நாட்கலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து என்னிடம் தருவாள். அதன் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அன்றைக்குச் செய்ய வேண்டியதை அதில் எழுதுவேன், அதுதான் துண்டு. தாள் சிறியது, அதற்குள் அடங்காத வேலை அந்த நாளுக்குள்ளும் அடங்காது. பென்சிலால் எழுது. பேனையால் எழுதினால் திருத்த மனம் வராது. ஒவ்வொரு வரியும் ஒரு செயலாக இருக்க வேண்டும், வெறும் பெயராக இருக்கக் கூடாது. நில அளவைக் கந்தோரில் படவரைஞராகச் சேர்ந்த புதிதில் 'வாய்க்கால்' என்று மட்டும் எழுதி வைத்துவிட்டு ஒரு முழு நாளும் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் 'மேற்கு வயல் வட்டையின் வாய்க்கால் எல்லையை மையில் இழு' என்று எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னம் முடிந்துவிட்டது. செய்து முடித்ததன் மேல் அடிமட்டம் வைத்து ஒரு கோடு இழுப்பேன். அந்தக் கோட்டில் ஒரு சந்தோசம் உண்டு. அது எனக்கு இருந்த சில சந்தோசங்களில் ஒன்று என்று சொன்னால் நீ சிரிப்பாய். கந்தோரில் என்னைத் 'துண்டு ஐயா' என்றுதான் சொல்வார்கள். பக்கத்து மேசைக்காரர் ஒரு நாள் என் துண்டின் அடியில், என் எழுத்தைப் போலவே, 'மூச்சு விடு' என்று எழுதி வைத்திருந்தார். மாலையில் நான் மற்ற வரிகளோடு சேர்த்து அதையும் கோடிட்டு வெட்டினேன். வெட்டிய பிறகுதான் வாசித்தேன். கந்தோர் முழுக்கச் சிரித்தது. அன்றைக்கு அது பகிடியாகத்தான் இருந்தது.

இன்னொரு விதியும் உண்டு. முடியாத வேலையை அடுத்த நாள் துண்டில் மறுபடியும் கையால் எழுத வேண்டும். உன் செயலியில் அது தானாகவே அடுத்த நாளுக்கு நகர்ந்துவிடும் என்றாய். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது, மகனே. தானாக நகர்ந்தால் உனக்கு உறைக்காது. கையால் எழுதும்போது கைக்கே வெட்கம் வரும். ஒரு வரி திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தால் அதைச் சோம்பல் என்று நினைத்து உன்னைத் திட்டிக்கொள்ளாதே. அந்த வேலைக்கு நீ பயப்படுகிறாய், அவ்வளவுதான். எதற்குப் பயம் என்று கண்டுபிடி. கந்தோரில் எனக்குக் கீழே வேலை பழகியவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான். தைப்பொங்கலுக்குப் பிறகு என்னுடைய எல்லாத் துண்டுகளிலும் அடியில் ஒரே வரி இருக்கிறது. 'மகனுக்குச் சொல்.' தண்ணீர் பில் கட்டு, காஸ் சிலிண்டருக்குச் சொல்லு, முருங்கைக் கொப்பை வெட்டு எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும். அது மட்டும் நிற்கும். மறுநாள் காலையில் அதை மறுபடி எழுதுவேன். நீ மாலையில் தொலைபேசி எடுப்பாய். அம்மா எப்படி என்பாய். சுகம் என்பேன். நீ வைத்த பிறகு பென்சிலைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வரியைப் பார்ப்பேன்.

எதற்குப் பயம் என்று எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் மகன் கலியாணம் கட்டினால் பெண் வீட்டுக்குப் போகிறவன். வீடு பெண்பிள்ளைக்கு. தாயும் தகப்பனும் அவளுடைய வளவுக்குள்ளேயே சின்னதாக ஒரு வீடு போட்டுக்கொண்டு கடைசிவரைக்கும் அவளோடு இருந்துகொள்வார்கள். நானும் அப்படித்தான் ஒரு சூட்கேசோடு அம்மாவின் வீட்டுக்கு வந்தவன். எங்களுக்குப் பெண்பிள்ளை இல்லை. உன் கலியாணத்தன்று காலையில் எழுதிய துண்டு எனக்கு மறக்கவில்லை. மாலை எடு, ஓட்டோக்காரருக்குச் சொல், அம்மாவின் கண்ணாடியை மறக்காமல் எடு என்று போய், கடைசி வரி 'மகனைக் கொண்டுபோய் விடு' என்று இருந்தது. தேற்றாத்தீவிலிருந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் இருந்துகொண்டு அதை வெட்டினேன். பஸ் ஆடியதால் கோடு நேராக விழவில்லை. அம்மா எட்டிப் பார்த்தாள். "வெட்டிப்போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். அப்படிக் கொண்டுபோய் விட்ட பிள்ளையைத் திருப்பிக் கூப்பிடுவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. கூப்பிட எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

அம்மாவுக்கு மறதி எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டபோது என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. முதலில் சமைக்கும் ஆணத்துக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். பிறகு போடாமல் விட்டாள். முன்வீட்டுப் பிள்ளையின் பெயர் போனது. நான் பயந்து போனேன். பயந்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும். அவளுக்கும் ஒரு துண்டு எழுதினேன். படம் வரையும்போது தலைப்புக்கு எழுதும் பெரிய எழுத்தில், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தையும் அளந்து எழுதினேன். 'முகம் கழுவு. விளக்கு வை. குளிசை போடு. தேத்தண்ணி குடி. அடுப்பை அணை.' குசினிச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் நூலில் ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிட்டேன். செய்ததை வெட்டு என்று காட்டிக்கொடுத்தேன். அவள் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு முதல் கோட்டை இழுத்தாள். "இது நல்லாரிக்கு, இஞ்சேருங்க" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒவ்வொரு நாளும் புதுத் தாள் ஒட்டினேன். ஒவ்வொரு நாளும் மத்தியானத்துக்குள் எல்லா வரியும் வெட்டுப்பட்டிருந்தது. என் முறை வேலை செய்கிறது என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது, மகனே. இதை எழுதக் கை கூசுகிறது.

மாசி மாதம் அவள் கிணற்றடியில் விழுந்தாள். நிலம் ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது என்று உனக்குச் சொன்னேன். நிலம் காய்ந்துதான் இருந்தது. பிரசர் கூடித் தலை சுற்றி விழுந்தவள் அவள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் நீ வந்து சேருவதற்கு முன்னம், ஒரு சின்ன வயது டொக்டர் பிள்ளை வந்து, அம்மா பிரசர் குளிசையை ஒழுங்காகப் போடுகிறாவா என்று கேட்டது. ஓம் என்றேன். நிச்சயமாகவா என்று கேட்டது. நான் சட்டைப் பையிலிருந்து அம்மாவின் துண்டுகளை எடுத்தேன். திகதி வரிசையாக அடுக்கி, மேலே ஒரு கிளிப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பாருங்கள், ஒவ்வொரு நாளும் வெட்டியிருக்கிறது என்று காட்டினேன். அந்தப் பிள்ளை பொறுமையாக எல்லாத் தாளையும் புரட்டிப் பார்த்தது. பிறகு, எனக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்ததைப் போல மெதுவாகக் கேட்டது.

"ஐயா, வெட்டினது தெரியுது. அம்மா குடிச்சதைக் கண்டீங்களா?"

நான் காணவில்லை. அவள் காலையில் எழும்பியதும் பென்சிலை எடுத்து எல்லா வரியையும் ஒரேயடியாக வெட்டிவிடுவாள் என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரியும். கோடு இழுப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. நான்தானே அதைப் பிடிக்க வைத்தேன். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு ஒரு நாள் செவ்வரத்தை மரத்தடியில் வெள்ளை வெள்ளையாக என்னவோ கரைந்து கிடந்ததைக் கண்டேன். குனிந்து பார்த்தேன். குளிசைகள். அவள் அவற்றைச் சாமித் தட்டில், நந்தியாவட்டைப் பூக்களுக்கு நடுவில், சாமிக்கு வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் சாமித் தட்டின் வாடிய பூவை மாற்றுவது என் துண்டில் இருக்கும் வேலை. ஒவ்வொரு வெள்ளியும் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் செவ்வரத்தையடியில் கொட்டிவிட்டு, வந்து கோடு போட்டிருக்கிறேன். வெள்ளைக்குள் வெள்ளை என்று ஒருநாளும் பார்க்கவில்லை. வெட்டுவதில்தான் எனக்கும் அவசரம். மூச்சு விடு என்று எழுதியிருந்தாலும் வெட்டுகிறவன்தானே நான். ஆகவே நீ கேட்ட முறையில் இந்த ஒன்றைச் சேர்த்துக்கொள். கண்ணால் கண்ட பிறகு மட்டும் வெட்டு. உன்னிடம் வேலை செய்கிறவர்கள் முடிந்தது என்று அடையாளம் போட்டுக் காட்டினால், ஒருக்கால் எழும்பிப் போய்ப் பார்.

இதற்குப் பிறகாவது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. குளிசையை என் கையாலேயே கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். சுவரிலிருந்த துண்டைக் கழற்றினேன். பென்சிலைக் காணாமல் அவள் தேடியதால் அதை மட்டும் திரும்பக் கட்டினேன். அதற்குப் பிறகுதான் கலண்டர் தொடங்கியது. முன்பு ஒரு தாள் கிழிப்பவள், இரண்டு கிழிக்கத் தொடங்கினாள். பிறகு ஒரு பிடி. கிழித்துக்கொண்டு வந்து என்னிடம் நீட்டி, "இந்தாங்க, துண்டு எழுதுங்க" என்பாள். வாங்காவிட்டால் அழுவாள். வைகாசி முடியும் முன்னம் அந்தக் கலண்டரில் மார்கழியும் முடிந்துவிட்டது. வெறும் அட்டையில் சாமி படம் மட்டும் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு அவள், "எல்லா நாளும் முடிஞ்சிட்டா?" என்று கேட்டாள். அவளுடைய அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல், அன்றைக்கே அவளையும் கூட்டிக்கொண்டு காத்தான்குடிக்குப் பஸ் ஏறினேன். வருடா வருடம் எங்களுக்குக் கலண்டர் தரும் புடவைக்கடை முதலாளியை உனக்கும் தெரியும்.

இன்னொரு கலண்டர் இருந்தால் வேண்டும் என்று கேட்டேன். முதலாளி சிரித்தார். "சேர், வருசம் பாதி கூட ஆகல்ல. உங்கட ஊட்டுல மட்டும் டிசம்பர் வந்திட்டா?" என்றார். கடைப் பொடியன்களும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். அதற்குள் அம்மா கடைக்குள் போய் வாங்கில் உட்கார்ந்து, மகனுக்குக் கலியாணம், நல்ல சாரியாக எடுத்துப் போடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உன் கலியாணத்துக்குச் சாரி எடுத்ததும் அந்தக் கடையில்தான். அந்த மனுசனும் கலியாணத்துக்கு வந்து சாப்பிட்டவர். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பொடியன்களை ஒரு பார்வையில் அடக்கிவிட்டு, தானே வந்து ஒவ்வொரு சாரியாக அவள் முன்னால் விரித்துப் போட்டார். அவள் தடவிப் பார்த்து, இது வேண்டாம், அது வேண்டாம் என்றாள். அவர் சலிக்கவே இல்லை. நாங்கள் வெளிக்கிடும்போது கலண்டரைச் சுருட்டி என் கையில் தந்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சேர், மகன் இங்கனதானே இரிக்காரு?" இங்கேதான், தேற்றாத்தீவில் என்றேன். பஸ் வரும்வரை நான் அந்தக் கேள்வியோடு வெயிலில் நின்றேன். தெரிந்தவர்களின் பிள்ளைகளெல்லாம் கனடாவிலும் கட்டாரிலும் இருக்கிறார்கள். என் பிள்ளை ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறான். எனக்கு அந்த ஒரு பஸ் தூரத்தைக் கடக்க முடியவில்லை.

இப்போது போன கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும். இதைத்தான் நான் கடைசிவரை தள்ளிக்கொண்டு வந்தேன். விடிந்து கொஞ்ச நேரம். நான் மேசையில் இருந்து துண்டு எழுதிக்கொண்டிருந்தேன். 'படலைக்குப் பூட்டு வாங்கு' என்ற வரியை எழுதிக்கொண்டிருந்தேன், மகனே. எழுத்து முன்னைப் போல வருவதில்லை, கோணினால் அழித்துவிட்டு மறுபடி எழுதுவேன். அந்தப் பூட்டு என்ற சொல்லை அழகாக எழுதுவதற்குள் அவள் படலையைத் திறந்துகொண்டு போய்விட்டாள். பின்ஒழுங்கையால் வாவிக்கரைக்குப் போய், தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறாள். அந்த நேரம் அங்கே வலை எறிந்துகொண்டிருந்த ஒருவர் கண்டு, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து படலையில் நின்று கூப்பிட்டபோதுதான் எனக்குத் தெரியும். இடுப்புக்குக் கீழே முழுக்க ஈரம். கையில் உன்னுடைய பழைய பள்ளிக்கூடச் சாப்பாட்டுப் பெட்டி. அது எங்கே கிடந்தது, எப்படி எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

"கூப்பிட்டுப் பாத்த நான், ஐயா. திரும்பல்ல. மகன் பாதையில வாறானாம், கையப் பிடிச்சு இறக்கணுமாம்" என்றார் அவர். அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு நீ வாவியைக் கடந்து போய்வந்த மிதவையைத்தான் பாதை என்பது. உன்னை இறக்கிவிட அவள் ஒவ்வொரு நாளும் கரைக்கு வருவாள், உனக்கு நினைவிருக்கும். பிறகு அவர் தலைத்துண்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமில்லாமல், இன்னும் நாலு அடி போயிருந்தால் அங்கே பள்ளம் என்று சொன்னார். நான் அவருக்குத் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் போன பிறகு அம்மாவின் காலைத் துடைத்தேன். காலில் பாசி ஒட்டியிருந்தது. "மகன் இன்னும் வரல்ல. பாதை பிந்திட்டு போல" என்றாள். அன்றைக்கு மாலையும் நீ தொலைபேசி எடுத்தாய். சுகம் என்றேன்.

உன் மாமி வந்தது திங்கட்கிழமை. கிளினிக்குக்கு வந்தவர் போகிற வழியில் எட்டிப் பார்த்தார். முன்னமே சொல்லிவிட்டு வந்திருந்தால் நான் வீட்டை அடுக்கி, அம்மாவுக்குத் தலை சீவி, கேட்கும் கேள்விக்கெல்லாம் பதிலை ஆயத்தம் செய்து வைத்திருப்பேன். அம்மா அவரைத் தன் தமக்கை என்று நினைத்து, எப்ப வந்தீங்க அக்கா என்று கட்டிப் பிடித்துக்கொண்டாள். மாமி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. இப்பத்தான் வந்தேன் என்று சொல்லி, அவள் தலையைத் தடவிக்கொண்டே கண்ணால் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கதவிலெல்லாம் துண்டு ஒட்டியிருந்தது. 'இது குளியலறை.' 'இது வெளிக்கதவு. போகாதே.' மேசையில் என்னுடைய அன்றைய துண்டும் கிடந்தது. எடுத்து, கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

"என்ன அண்ணன் இது, வீடெல்லாம் துண்டு. பள்ளிக்கூடமா நடத்துறீங்க?" என்றார். "மகனுக்குச் சொல் எண்டு எழுதி வெச்சிரிக்கீங்க. ஆருட மகன்? அரசாங்கக் கச்சேரிக்கு விண்ணப்பம் போடுறாப்போல இதையும் எழுதிப்போட்டுத்தானா சொல்லணும்?" நான் அவரிடம், தயவு செய்து மகனுக்குச் சொல்ல வேண்டாம், புதுப் பதவி, அவனுக்கு ஏற்கெனவே தலைக்கு மேலே வேலை என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதுதான் சரியான சொல். முன்பு நீ ஒரு தரம் அவர்கள் வீட்டுக்கு எங்களை வரச் சொன்னதையும், மருமகள் வீட்டில் போய் இருப்பது முறையில்லை என்று நான் தட்டிவிட்டதையும் அவர் மறக்கவில்லை. "என்ட பிள்ளைட வீட்ட நீங்க ரெண்டு பேரும் வந்தா வீடு தேஞ்சா போயிரும்? முறையாம் முறை. முறை பாத்துக்கிட்டு இந்தப் பொம்புளைய ஆத்துக்குக் குடுக்கப் போறீங்களா?" என்றார். வாவிக்கரையில் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். தெருமுனைக் கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். போகும்போது படலையில் நின்று, "சனிக்கிழமைக்கு முதல் நீங்களாச் சொல்லுங்க. மறுகா நான் சொல்லுவன். நான் சொன்னா அவன் தாங்கமாட்டான். தகப்பன் சொல்லல்லயே எண்டுதான் அழுவான்" என்றார்.

அதனால்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் வாய் தானாகச் சுகம் என்று சொல்லிவிடும். இந்தக் கடிதத்தை நாளைக்குக் காலையில் கல்முனை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து, உன் வங்கியில் இறக்கச் சொல்வேன்.

வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்பாய். எனக்குத் தெரியவில்லை. இந்த வீடு அவளுடைய வீடு. பிறந்து வளர்ந்த வீடு. கண்ணை மூடிக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். இங்கிருந்து பிடுங்கிக்கொண்டு தேற்றாத்தீவுக்கு வந்தால், இருக்கும் கொஞ்சமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இங்கேயே இருந்தால் வாவி இருக்கிறது. நீ இங்கே வந்து இரு என்றால் உன் மனைவியையும் பிள்ளையையும் பிரிக்கிறேன். அவர்களையும் கூட்டிக்கொண்டு வா என்றால், மாமி தனித்துப் போகிறார். இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். தாளின் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் இது, அந்தப் பக்கம் அது என்று எழுதி எழுதிப் பார்த்தேன். முடிவு வரவில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களின் காணிக்கு எல்லை வரைந்தவன் நான். இதில் எங்கே கோடு போடுவது என்று தெரியவில்லை. நீ வந்து ஒரு நாள் முழுக்க அவளோடு இரு. நான் பக்கத்தில் இருந்து பதில் சொல்ல மாட்டேன். நீயே பார். பிறகு நீ என்ன சொன்னாலும் அதைச் செய்கிறேன். அப்பா நீங்க என்ன நினைக்கிறீங்க என்று மட்டும் என்னிடம் கேட்காதே. கேட்டால் நான் மறுபடி ஒரு துண்டு எடுத்து எழுதத் தொடங்கிவிடுவேன்.

களைப்பாக இருக்கிறது, மகனே. கோபம் வந்துவிடுகிறது. நேற்று அவள் சட்டையை மாற்ற விடாமல் கையைத் தட்டியபோது நான் சத்தம் போட்டேன். அவள் என்னைப் பார்த்து, நீங்கள் ஆர் என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள், கந்தோருக்கு வந்த ஆளைக் கேட்பதைப் போல. நான் என் பெயரைச் சொன்னேன்.

இதையெல்லாம் ஒரே இருக்கையில் எழுதி முடிக்கவில்லை. இடையில் ஒன்று நடந்தது. புதுக் கலண்டரை அலுமாரிக்குள் ஒளித்து வைத்திருந்தேன். இன்று புதன்கிழமை. காலையில் அவள் எப்படியோ அதைக் கண்டுபிடித்து, ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து நீட்டினாள். பழைய நாள்களில் வருவதைப் போலவே, குளித்து, தலையில் ஈரத் துவாயோடு, விளக்கு வைத்த கையோடு வந்தாள். "இந்தாங்க, துண்டு எழுதுங்க" என்றாள். வாங்கிப் பார்த்தேன். இன்னும் வராத சனிக்கிழமை. அதன் பின்பக்கத்தில் வேறொன்றும் எழுதவில்லை. 'மகனை வரச் சொல்' என்று ஒரே வரி எழுதி, மேசையில் வைத்துவிட்டு இந்தக் கடிதத்தைத் தொடர்ந்தேன். நீ வந்து படலையைத் திறக்கும்போதுதான் அதை வெட்டுவது என்று நினைத்திருந்தேன். டொக்டர் பிள்ளை சொன்னதை இந்த ஒரு வரியிலாவது ஒழுங்காகச் செய்ய நினைத்தேன்.

சற்று முன் குசினிக்குப் போய்ப் பார்த்தேன். அம்மா அரிசியைக் களைந்துகொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் போடுவதைவிடக் கூடப் போட்டிருந்தாள். ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "மகன் வந்திட்டான்தானே" என்றாள். மேசைக்குத் திரும்பி வந்தேன். சனிக்கிழமைத் தாளில், நூல் அறுந்த குசினிப் பென்சிலால், அந்த வரியின் மேல் ஒரு கோடு. அடிமட்டம் வைக்காமலே நேராக இழுத்திருக்கிறாள்.

வெட்டியது தெரிகிறது, மகனே. உன்னை நான் இன்னும் காணவில்லை.

அப்பா